தடுப்பூசி இருக்க, கதிர்வீச்சு எதற்கு?

ஏழை நாடுகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆடம்பரம், அந்தப் பணத்தைத் தடுப்பூசிக்குச் செலவிடலாம் என்ற வாதம் சிக்கனமாகத் தோன்றும். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க இன்று சிறுமிக்குப் போடும் ஹெச்பிவி ஊசியின் முழுப் பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். கருப்பைவாய்க் கட்டி முற்றி வரும் பெண்ணுக்கு அது உதவாது. அந்த நிலையில் அறுவையும் பெரும்பாலும் கைகொடுக்காது. சுமார் ஐந்து வாரம் வெளிக்கதிர், உள்ளே கருவி வைத்துத் தரும் உட்கதிர், கூடவே சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து: குணமாகும் வழி இதுதான்.

கருவி இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை உகாண்டா, விரும்பாமலே, காட்டிவிட்டது. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் 1995இல் வந்த கோபால்ட் கதிர்வீச்சுக் கருவிதான் அப்போது நாட்டுக்கே ஒன்றாக இருந்தது. 2016இல் அது பழுதுபார்க்க முடியாமல் நின்றது. சிலரை நைரோபிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மாற்றுக் கருவி இயங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியை எந்தத் தடுப்பூசியும் நிரப்பியிருக்காது.

கருவியை மட்டும் இறக்கிவிட்டால் போதாது என்ற அளவில் எதிர்த்தரப்பு சொல்வது சரி. கோபால்ட்-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. அதற்குள் கதிர் மூலத்தை மாற்றாவிட்டால் இரண்டு நிமிடக் கதிர்வீச்சு நான்கு நிமிடமாகும். வெளியே வரிசை நீளும். மின்சாரத்தால் கதிரை உருவாக்கும் லீனாக் (நேரியல் முடுக்கி) கருவிக்கு மூலம் தேவையில்லை. ஆனால் சீரான மின்சாரம், குளிர்விக்கும் நீர், உதிரிபாகம், மருத்துவ இயற்பியலாளர் எல்லாம் தேவை. இது பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லும் காரணம், சிகிச்சையையே கைவிடச் சொல்லும் காரணமல்ல.