பூட்டிய வீடு, திறந்த போர்ட்: உங்க வீட்டு ரவுட்டருக்குள்ள என்னதான் நடக்குது?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்தால் தெரியும். தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள், பலதில் ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ இருப்பார்கள். படைப்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்றால்தான் கதவு திறக்கும். மற்ற நாள்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், கூடவே நாலைந்து சிசிடிவி கேமரா. முகப்பில் ஒரு ஃபைபர் கனெக்‌ஷன், ஒரு ரவுட்டர். சிங்கப்பூரில் ரயிலில் போய்க்கொண்டே, வளவுக்குள் பூனை நடப்பதை போனில் பார்க்க முடிகிறது.

வசதிதான். ஆனால் அந்தப் படம் வீட்டைவிட்டு எந்த வழியாக வெளியே போகிறது? அதே வழியில் வேறு யாராவது உள்ளே வர முடியுமா?

இந்தக் கேள்வி இப்போது முக்கியமாகிவிட்டது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் யூடியூப்பிலும் டெலிகிராமிலும் சுற்றின. போலீஸ் விசாரணையில் நாட்டின் பல ஊர்க் கேமராக்கள் அதில் சிக்கியிருப்பது தெரிந்தது. 2025 ஏப்ரல் முதல், இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் அது இனி விற்கிற கேமராவுக்குத்தான். ஏற்கெனவே சுவரில் தொங்கும் கேமராவுக்கும், அதற்கு வழிவிடும் ரவுட்டருக்கும் நாமதான் பொறுப்பு.

ஒரு டப்பா, பல வேலை

ரவுட்டர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே டப்பாவில் அடைத்த ஒரு கூட்டுக் குடும்பம். ஃபைபர் வழியாக வரும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி அதில் ஒருவர். பின்பக்கம் கேபிள் செருகும் நாலு துளைகளுக்கும் சொந்தக்காரர் ஸ்விட்ச். வைஃபையைக் காற்றில் அனுப்புவது ஆக்சஸ் பாயின்ட். புதிதாக வரும் போனுக்கு உள்ளூர் எண் கொடுப்பது டிஹெச்சிபி. பெயர் சொன்னால் முகவரி கேட்டுச் சொல்வது டிஎன்எஸ். வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்று எதை எங்கே அனுப்பணும் என்று முடிவு பண்ணுவதுதான் அசல் ரவுட்டர் வேலை. ‘நெட் போச்சு’ என்று நாம் சொல்லும்போது இவர்களில் ஒருத்தர் மட்டும் படுத்திருக்கலாம். வைஃபை முழுசாகக் காட்டியும் எதுவும் திறக்காமல் இருப்பது அதனால்தான்: ஆக்சஸ் பாயின்ட் நலம், ஃபைபரோ டிஎன்எஸ்ஸோ நலமில்லை.

முகப்பில் ஒரு கணக்குப்பிள்ளை

இதில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான ஆள் ‘நாட்’. இதைச் செட்டிநாட்டு வீட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குத் தெருவில் ஒரே கதவு எண். உள்ளே வளவைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. வெளியூர்க்காரருக்கு ‘வளவில் மூன்றாவது அறை’ என்று மட்டும் எழுதிக் கடிதம் போட முடியாது. அப்படி ஒரு அறை எல்லா வீட்டிலும் இருக்குமே! கதவு எண்ணுக்குத்தான் வரும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை, எந்தக் கடிதம் யாருடையது என்று பேரேட்டைப் பார்த்து உள்ளே அனுப்புவார்.

உங்க போனின் 192.168.1.5 மாதிரி எண்தான் அந்த ‘மூன்றாவது அறை’. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டு உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 1996-ல் வந்த இணையத் தர விதி இது. உங்க வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், சண்டை வராது. வெளியே தெரிவது நெட் கம்பெனி கொடுத்த ஒரே பொது ஐபி. போன் ஒரு வீடியோவைக் கேட்டதும், ‘இந்த அறையிலிருந்து, இந்த போர்ட் எண்ணில் ஒரு கேள்வி வெளியே போயிருக்கு’ என்று நாட் தன் பேரேட்டில் எழுதிக்கொள்ளும். பதில் வந்ததும் அதைப் பார்த்து உள்ளே அனுப்பும்.

இதில் ஒரு இலவச லாபம் இருக்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒன்று வந்தால் பேரேட்டில் பதிவு இருக்காது. அது வாசலோடு சரி. நாட் பாதுகாப்புக்காகக் கண்டுபிடித்தது இல்லை. எண் பற்றாக்குறைக்காக வந்தது. பழைய ஐபி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். மண்டலங்களுக்குப் பிரித்துக்கொடுக்க மையத்தில் இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது.

அதனால் இப்போது நெட் கம்பெனிகளும் தங்கள் பக்கம் இன்னொரு கணக்குப்பிள்ளையை வைக்கின்றன. பெயர் சிஜிநாட். பல வீடுகள் சேர்ந்து ஒரே பொது ஐபி. உங்க ரவுட்டரின் இணையப் பக்க எண் 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்க பெரும்பாலும் இந்த இரட்டை வாசலுக்குள்தான் இருக்கீங்க.

சிங்கப்பூரிலிருந்து கேமரா எப்படித் தெரியுது?

பேரேட்டில் பதிவு இல்லாமல் வெளியாள் உள்ளே வர முடியாது என்றால், சிங்கப்பூர் போன் மட்டும் எப்படி வருகிறது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி போர்ட் ஃபார்வர்டிங். ‘இந்த எண் போர்ட்டுக்கு யார் வந்தாலும் கேமரா பெட்டிக்கு அனுப்பு’ என்று கணக்குப்பிள்ளையிடம் நிரந்தரமாகச் சொல்லிவைப்பது. கேமரா மாட்ட வந்தவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுப் போய்விடுவார். பிரச்சினை, ‘யார் வந்தாலும்’ என்பதில் உலகமே அடங்கும். இணையம் முழுக்கத் திறந்த போர்ட்டுகளைத் தேடி அலையும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வாசலைத் தாண்டிவிட்டால் மிச்சம் இருக்கும் ஒரே பூட்டு கேமரா பெட்டியின் பாஸ்வேர்டு. அது கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் பூட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-ல் அமெரிக்காவின் பெரிய பெரிய தளங்களை முடக்கிய ‘மிராய்’ வைரஸ் படையெடுத்தது இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் சேர்த்துக்கொண்டுதான்.

இரண்டாவது யூபிஎன்பி. வீட்டுக்குள் இருக்கும் கருவியே ரவுட்டரிடம் ‘எனக்கு ஒரு போர்ட் திறந்துவிடு’ என்று கேட்கும், ரவுட்டரும் திறந்துவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. கேம் விளையாடுபவர்களுக்கு இது உதவும்தான். ஆள் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது அதிகம் இருப்பது மூன்றாவது வழி. கேமரா பெட்டியே வெளியே கிளம்பி, தயாரித்த கம்பெனியின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். உங்க ஆப்பும் அதே சர்வருக்குப் போகும். இருவரும் அங்கே சந்திப்பார்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் கேமரா தெரிவது இதனால்தான். போர்ட் எதுவும் திறக்க வேண்டாம், சிஜிநாட் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் இங்கே நம்பிக்கை இடம் மாறுகிறது: வாசல் சாவி உங்க கையில் இல்லை, அந்தக் கம்பெனியின் கையில். ஆப் பாஸ்வேர்டு தெரிந்த எல்லோருக்கும் வளவு தெரியும்.

இதில் ஒரு புதுச் சிக்கலும் உண்டு. புதிய முறையான ஐபிவி6-ல் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் நேரடிப் பொது முகவரி கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அங்கே கணக்குப்பிள்ளை கிடையாது. நாட் கொடுத்த இலவசப் பாதுகாப்பும் கிடையாது. ரவுட்டரின் ஃபயர்வால் மட்டும்தான் காவல். ‘ஃபயர்வாலை ஆஃப் பண்ணினா ஸ்பீடு கூடும்’ என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் கட்டுக்கு சிக்னல் வரலையா?

செட்டிநாட்டு வீடுகளுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: நீளம். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. நடுவில் கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பர்மா தேக்குக் கதவு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். முகப்பில் ரவுட்டரை வைத்துவிட்டு அடுப்படியில் ரீல்ஸ் பார்க்க நினைப்பது பேராசை.

சரி என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி நடுவில் மாட்டுவார்கள். இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கும். முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதின் ‘வான்’ துளையில் செருகினால், வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீடு உருவாகிவிடும். தனிக் கணக்குப்பிள்ளை, தனிப் பேரேடு. பின்கட்டில் இருக்கும் போன் முன்கட்டு டிவியைக் கண்டுபிடிக்காது, பிரின்டர் காணாமல் போகும். அப்படியில்லாமல் ‘லான்’ துளையில் செருகி, இரண்டிலும் டிஹெச்சிபியை ஓடவிட்டால் இன்னும் மோசம். ரெண்டு பேர் ஒரே வீட்டில் அறை எண் கொடுக்க ஆரம்பிப்பார்கள். ஒரே எண் இரண்டு கருவிக்குப் போய், நெட் வந்து வந்து போகும். தீர்வு எளிது: இரண்டாவதை ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’க்கு மாற்றுங்கள். அது வெறும் காற்றுவழி வாசலாக மட்டும் இருக்கும், கணக்கு முழுக்க முதல் ஆளிடமே. மெஷ் வாங்கினாலும் முடிந்தால் இரண்டுக்கும் நடுவில் ஈத்தர்நெட் கேபிள் இழுங்கள். வளவு திறந்தவெளியாக இருப்பது இதற்கு வசதி, ஓரமாக இழுத்துவிடலாம்.

வீட்டை ஹோம்ஸ்டேயாக விட்டவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபையில்தான் உங்க கேமரா பெட்டியும் இருக்கிறது என்றால், ஆத்தங்குடி டைல்ஸ் பார்க்க வந்தவர் அறையில் உட்கார்ந்தே அதன் லாகின் பக்கத்தைத் திறக்கலாம். கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இதற்குத்தான். அதில் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும், வீட்டுக் கருவிகள் தெரியாது.

‘என் வைஃபையை யார் தொடப்போறா?’

2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு செய்தி நிறுவனங்களுக்குப் போன மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு இணைப்பிலிருந்து சென்றிருந்தது. விசாரணை அவர் வாசலில்தான் வந்து நின்றது. வெளியுலகத்துக்குத் தெரிவது கதவு எண் மட்டும், உள்ளே யார் எழுதினார் என்பது தெரியாது என்று மேலே பார்த்தோமே, அதன் விலை இது.

2017 ஜூலையில் இன்னொரு பாடம். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களை ஒரு மால்வேர் தாக்கியது. முதலில் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள் மாட்டிக்கொண்டன, பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. முதலாவது வீட்டுக்குள் நுழைய. இரண்டாவது கணக்குப்பிள்ளையின் பேரேட்டையே திருத்த. அது கிடைத்தவர் டிஎன்எஸ்ஸை மாற்றி, நீங்க வங்கியின் பெயரைத் தட்டும்போது வேறு எங்காவது அனுப்பப் பார்க்கலாம்.

பிரவுசரில் 192.168.1.1 (ஜியோஃபைபர் என்றால் 192.168.29.1) தட்டினால் அட்மின் பக்கம் வரும். வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும்தான் வரணும். மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு உங்க பொது ஐபியைத் தட்டினாலும் அந்தப் பக்கம் வந்தால், ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மூடுங்கள். உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டு, யூபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் மூன்றையும் பாருங்கள். பிறகு இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல்: யாருடையது என்று தெரியாத பெயர் இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரிந்தவர்கள் தானாகக் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஃபர்ம்வேர் அப்டேட் பல ஃபைபர் ரவுட்டர்களில் நெட் கம்பெனியே தூரத்திலிருந்து அனுப்புவது, சொந்தமாக வாங்கிய இரண்டாவது ரவுட்டருக்கு மட்டும் நீங்கதான் செய்யணும்.

ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாறினால் சாவியை வாங்கிக்கொள்கிறோம். கேமரா ஆப்பில் அவர் போன் இன்னும் இருக்கிறதா என்று ‘ஷேர்டு யூசர்ஸ்’ பக்கத்தில் பார்க்க ஒரு நிமிடம் போதும்.