ஒப்பரேசன் முடிஞ்சுதானே, இனி என்ன?

முதுகில ஒப்பரேசன் முடிஞ்சு கண்டாவளைக்கு வந்த அன்றைக்கே எங்கட தோழி ஒருத்தியின்ர அம்மாவிட்ட ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "எல்லாம் வெட்டி எடுத்தாச்சுத்தானே, இனி என்ன?" கேட்டவை கெட்டவை இல்லை. கையில முட்டையும் ஒரு பை தோடம்பழமும் கொண்டுவந்து, கட்டில் விளிம்பில இருந்து, மெய்யான சந்தோசத்தோடதான் கேட்டவை. ஆனால் அந்த "இனி என்ன"வுக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை. ஆஸ்பத்திரியில தந்த அட்டையில ஆங்கிலத்தில நாலு வரி இருந்தது. அதில ஒரு வரி பாரம் தூக்கவேண்டாம் என்று. மிச்சம் மருந்துப் பெயர்கள். அம்மா அதை மடிச்சு சாமிப்படத்துக்குப் பின்னால வைச்சிட்டா.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. அந்தக் கேள்வியை நாங்களும் கேட்டனாங்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அம்மாவிட்ட வலி எப்ப தொடங்கினது என்று கேட்டால் "2009 இல இருந்து" என்பா. தர்மபுரம், விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாக எழும்பிப் போகேக்க இடுப்பில ஒரு பிள்ளை, தலையில ஒரு பை. முகாமால திரும்பி வந்த பிறகு கச்சான் பிடுங்கினது, களை பிடுங்கினது, உப்புக் கிணத்தை விட்டிட்டு நல்ல தண்ணிக்குக் குடத்தோட நடந்தது. ஒரு டொக்டர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். தட்டு விலகுகிறதுக்கு வயது, பரம்பரை, பாரம் என்று பல காரணங்கள் இருக்கு, ஒரு வருசத்தைக் கைகாட்ட ஏலாது என்பார். சரிதான். ஆனால் வன்னியில உடம்புக்கும் ஒரு கலண்டர் இருக்கு, அதில அந்த வருசத்தைத் தாண்டி ஒரு தாளும் கிழியாது.

பதினைஞ்சு வருசமாக அம்மா ஒப்பரேசனுக்குப் போகாததுக்குக் காரணம் காசு இல்லை. இந்த நாட்டில அரச ஆஸ்பத்திரியில வெட்டுறதுக்குக் காசில்லை. காரணம் ஒரு வசனம். "முள்ளந்தண்டில கத்தி வைச்சால் பிறகு எழும்பமாட்டாய்." இதைச் சொல்லாத ஒரு வீடு எங்கட பக்கம் இல்லை. அதனால எண்ணெய், பத்து, பெல்ட், பிறகு மருந்துக்கடையில துண்டு இல்லாமல் வாங்கின வலிக்குளிசை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் சிறுநீரக நோய் பெருகியிருக்கிற ஒரு மண்ணில, சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடிய குளிசையை வருசக்கணக்கில மிட்டாய் மாதிரி விழுங்குறம். அதுக்கு ஒருத்தரும் பயப்பிடுறேல்லை. கத்திக்கு மட்டும் பயம்.

இந்த ஒப்பரேசன் புதுசு இல்லை. விலகின தட்டு நரம்பை நெரிக்கிறதுதான் காலில இறங்கிற அந்த இழுவைக்குக் காரணம், அதை வெட்டி எடுக்கலாம் என்று மிக்ஸ்ரர், பார் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் 1934 இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் எல்லா முதுகுவலிக்கும் இது மருந்தில்லை. 1994 இல முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்து பார்த்தபோது பாதிக்கு மேல் ஆட்களுக்குத் தட்டு புடைச்சு இருந்தது. அதாவது படத்தில தெரியுற எல்லாம் நோய் இல்லை. தட்டு விலகி வாற கால்வலியும் பெரும்பாலும் கிழமைகளில, மாதங்களில தானாகக் குறையும். குறையாமல் நரம்பு நெரிபட்டுக் கிடந்தால் வெட்டுவினம். ஒன்றுக்கு மட்டும் பொறுத்திருக்கக் கூடாது. சலம் போகாமல் அடைச்சால், மலம் தெரியாமல் போனால், இரண்டு தொடைக்கும் நடுவில விறைச்சால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதைக்கூட எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. சுகாதாரப் பாடத்தில எலும்புகளின் எண்ணிக்கை மட்டும் பாடமாக்கினனாங்கள்.

சரி, அம்மா துணிஞ்சு போனா. வெட்டினது நல்லாத்தான் முடிஞ்சது. காலில இருந்த இழுவை ஒரு கிழமைக்குள்ள போட்டுது. கால்விரலில விறைப்பு மட்டும் மிச்சம், அது மாதக்கணக்கில மெல்ல மெல்லத்தான் வரும். இங்கதான் கதை தொடங்குது, எல்லாரும் முடிஞ்சது என்று நினைக்கிற இடத்தில.

ஊர் சொன்ன வைத்தியம் படுக்கை. "மூன்று மாதம் அசையாதை." பெல்ட்டைக் கழட்டவே விடேல்லை. உண்மை வேறை. முதன்முறை தட்டு ஒப்பரேசன் செய்த ஆள் நடமாடாமல் கிடக்கவேண்டும் என்பதற்கு ஆதாரமில்லை. நாலு முதல் ஆறு கிழமையில முறையான பயிற்சி தொடங்கினால் வலியும் இயலாமையும் கெதியாக் குறையும் என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவை சொல்லியிருக்கினம். ஒப்பரேசனுக்குப் போகாத நாட்பட்ட இடுப்புவலிக்கும் பயிற்சி, விளக்கம், மன ஆதரவு எல்லாம் வேண்டும், பெல்ட்டைப் பொதுவாகக் குடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில வழிகாட்டி வெளியிட்டது. 2020 இல உலகம் முழுக்க 61 கோடி 90 லட்சம் பேருக்கு இந்த இடுப்புவலி இருந்ததாம். அதில ஒருத்தி கண்டாவளையில, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தா.

ஆனால் "நட, பயிற்சி செய்" என்று சொல்லிவிட்டால் மட்டும் போதுமோ? அம்மாவுக்கு ஒரு பயிற்சித் தாள் கிடைச்சது. அதில ஒரு வெள்ளைக்காரி மெத்தென்ற விரிப்பில படுத்து முழங்காலை மடக்கிறா. எங்கட வீட்டில சீமெந்து நிலம். அடுப்பு நிலத்தில. கிணறு துலாவும் வாளியும். மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால முப்பது அடி தள்ளி, குந்தி இருக்கிறது. முதுகில தையலோட ஒரு மனுசி எப்படிக் குந்துவா? இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில ஒருத்தரும் கேக்கேல்லை. வெக்கத்தில அம்மாவும் சொல்லேல்லை. முதல் இரண்டு நாள் அவ சாப்பிடாமல் இருந்தா, போகத் தேவை வராது என்று. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மேசன் அண்ணை ஒரு பிளாஸ்டிக் கதிரையின்ர நடுவை வட்டமாக அறுத்துக் கொண்டந்து குழிக்கு மேல வைச்சார். ஒரு சதம் வாங்கேல்லை. அந்த முழுச் சிகிச்சையிலும் புத்தியோட செய்த வேலை அது ஒன்றுதான் என்று நாங்கள் இப்பவும் நினைக்கிறம்.

பிசியோவுக்கு இரண்டு தரம்தான் போனவ. கண்டாவளையில இருந்து பரந்தன் சந்திக்கு ஓட்டோ, அங்க இருந்து பஸ், ஏறினால் நிக்கத்தான் இடம். கிரவல் றோட்டுக் கிடங்குகளில ஓட்டோ விழுந்து எழும்பின ஒவ்வொரு முறையும் அம்மா பல்லைக் கடிச்சா. பிசியோ மிஸ் நல்லவ, பொறுமையாச் சொல்லிக் குடுத்தவ. ஆனால் போய் வந்த வலி ஆற மூன்று நாள். ஓட்டோக் காசு ஒரு நாள் கூலி. மூன்றாம் தரம் போகேல்லை.

ஆறாம் கிழமை அம்மா கச்சான் பிடுங்கப் போனா. ஏன் போனா என்று கேக்கிறவை எங்கட ஊரைத் தெரியாதவை. கிழமைக் கடன்காரன் முத்தத்தில மோட்டார்சைக்கிளை நிப்பாட்டினவன், ஒப்பரேசன் என்று சொல்ல "அடுத்த கிழமை சேர்த்துத் தாங்கோ" என்றவன். நாட்கூலிக்குச் சுகயீன லீவு இல்லை. அஸ்வெசும விண்ணப்பத்தில வலுவிழந்தவர் என்று ஒரு கூடு இருக்கு. குணமாகிக் கொண்டிருப்பவர் என்று ஒரு கூடு இல்லை.

அதே ஒழுங்கையில ஒரு ஐயாவுக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது. அவர் மூன்று மாதம் காலையும் மாலையும் குளக்கட்டு வரைக்கும் நடந்தார், மிச்ச நேரம் சாய்மனைக் கதிரை. தேத்தண்ணி கைக்கு வந்தது. அவர் நல்லா எழும்பிட்டார். எங்களுக்கு அவரில கோவமில்லை, அவருக்குக் கிடைச்சதுதான் சரியான கவனிப்பு. அதை ஆக்கிக் குடுத்தது ஒரு மனுசி. எங்கட தோழியின்ர அம்மாவுக்கு ஆக்கிக் குடுத்ததும் ஒரு பெட்டைதான். தோழியின்ர தங்கச்சி. அந்த வருசம் உயர்தரம் எடுக்க இருந்தவள் எடுக்கேல்லை. தோழி யாழ்ப்பாணத்தில விடுதியில இருந்தவள். நாங்களும்தான். பரீட்சை இருந்தது. அந்தப் பரீட்சையில நாங்கள் சித்தியடைஞ்சம்.

கச்சானுக்குப் போன இரண்டாம் கிழமை வலி திரும்ப வந்தது. ஊர் என்ன சொன்னது? "பாத்தியே, ஒப்பரேசன் பிழைச்சிட்டுது." இதுதான் எங்களை எழுத வைச்ச வசனம். பிழைச்சது ஒப்பரேசன் இல்லை, அதுக்குப் பிறகு வந்த எல்லாம். ஆனால் பழி கத்திக்குப் போகுது. அடுத்த ஒழுங்கையில வலியோட இருக்கிற இன்னொரு மனுசி இதைக் கேட்டு இன்னும் பத்து வருசம் எண்ணெய் பூசுவா. பயம் இப்படித்தான் பரம்பரையாக வருது.

இதெல்லாம் தட்டு விலகின கதை. சன்னம் பட்ட முதுகுகளின் கதை வேறை, பெரிசு. ஸ்கான் எடுக்க முதல் "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ" என்று கேக்கிற படிவம் கொழும்பில ஒரு சம்பிரதாயம். வன்னியில அது ஒரு வரலாற்றுக் கேள்வி. "பீஸ் இருக்கு" என்று எங்கட ஆக்கள் சாதாரணமாகச் சொல்லுவினம், வீட்டில பூனை இருக்கு என்ற மாதிரி. எடுத்தால் கூடப் பாதிப்பு என்று விட்ட பீஸ்கள் நிறைய. இரும்பென்றால் எம்.ஆர்.ஐ.யே சிலருக்கு ஆபத்து. இடுப்புக்குக் கீழ இயங்காதவைக்குப் படுக்கைப்புண், சலத்தொற்று. லுட்விக் குட்மான் 1944 இல இங்கிலாந்தில ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில காட்டினது இதைத்தான்: முள்ளந்தண்டு அடிபட்டவையை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைச்சு, விளையாடவைச்சு, வேலை பழக்கினால் அவை சாகத் தேவையில்லை. எங்களிட்ட அந்த வேலையைப் பாதிக்கப்பட்டவையே சேர்ந்து தொடங்கவேண்டி வந்தது. மாங்குளத்து உயிரிழை அப்படி வந்த அமைப்பு. மாங்குளத்தில புனர்வாழ்வு ஆஸ்பத்திரி நெதர்லாந்து உதவியோட கட்டப்பட்டு 2024 இலதான் திறக்கப்பட்டது. யுத்தம் முடிஞ்சு 15 வருசத்துக்குப் பிறகு. திறந்தது நல்லது, நாங்கள் குறை சொல்லேல்லை. ஆனால் மாங்குளத்துக்குப் போக முதல் ஒருத்தர் தன்ர வீட்டு முத்தத்தைத் தாண்டவேண்டும்.

"நாடு 2022 இல வங்குரோத்து ஆனது, உங்களுக்குப் பிசியோவோ?" என்று கேப்பியள். பிசியோவுக்கு டைட்டேனியம் வேண்டாம், டொலர் வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள் கிராமத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்தால் போதும். தமிழில ஒரு தாள், அதில வெள்ளைக்காரிக்குப் பதிலாகச் சீமெந்து நிலத்தில பாயில படுத்திருக்கிற ஒரு அம்மா. வீட்டுக்கு அனுப்ப முதல் "உங்கட கக்கூஸ் எப்படி?" என்று ஒரு கேள்வி. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பற்றிப் பேசுது, ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல ஏற்றுக்கொண்டது. இரண்டும் கண்டாவளைக்கு வந்து சேர இன்னும் பஸ் கிடைக்கேல்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் எங்களுக்கும் ஒரு கதை இருக்கு. அம்மாவின்ர ஸ்கானுக்கும் போக்குவரத்துக்கும் காசு வேண்டும் என்று நாங்கள் முகநூலில போட்டனாங்கள், மூன்று நாளில சேர்ந்திட்டுது. ஒப்பரேசன் முடிஞ்ச படத்தைப் போட்டம், இருநூறு பேர் கும்பிட்டவை. பிறகு கொமேட் ஒன்று கட்டவும், மூன்று மாதம் கூலிக்குப் போகாமல் இருக்கவும் காசு வேண்டும் என்று போடலாமோ என்று தோழி கேட்டாள். நாங்கள் யோசிச்சம். கக்கூசுக்குக் காசு கேக்கிறது வடிவில்லை என்று எங்களில ஒருத்தன் சொன்னான். போடேல்லை. சக்கர நாற்காலி குடுத்துப் படம் எடுக்கிறவையைப் பற்றி நாங்கள் நக்கல் எழுதின அதே மாதம் அது.

கொமேட் பிறகு கட்டியாச்சு, தங்கச்சியின்ர சீட்டுக் காசில. அவள் இந்த முறை சோதனை எடுக்கிறாள். அம்மா இப்ப காலமை ஐந்தரைக்கு எழும்பி முரசுமோட்டைப் பக்கமாக நடக்கிறா, முதல் நாள் பத்து நிமிசம், இப்ப அரை மணித்தியாலம். வழியில ஆக்கள் "எங்க போறியள்?" என்று கேப்பினம். சும்மா நடக்கிறன் என்று சொல்ல அவவுக்கு வெக்கம். அதால கையில ஒரு வெறும் பையைக் கொண்டுபோறா, கடைக்குப் போற மாதிரி.