சட்டம் வீடு தராது

2024 கோடையில் ஓக்லஹோமாவில் ஒரு கூத்து நடந்தது. பள்ளி விடுமுறையில் ஏழைக் குழந்தைகளுக்கு மாதம் 40 டாலர் வீதம் மூன்று மாதத்துக்கு உணவுப் பணம் தரும் திட்டத்தை அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்தது. உதவித்தொகை முழுவதும் மத்திய அரசுடையது. மாநிலங்கள் நிர்வாகச் செலவில் பாதியை மட்டும் ஏற்றால் போதும். ஓக்லஹோமா மாநில அரசு வேண்டாம் என்றுவிட்டது. சிக்கசா, செரோக்கி, மஸ்கோகி போன்ற பூர்வகுடி அரசுகள் முன்வந்து ஏற்றுக்கொண்டன. சிக்கசா எல்லைக்குள் தகுதியுள்ள குழந்தை எந்த இனமானாலும் பணம் கிடைத்தது. மாநிலம் ஒதுங்கியது தவறு. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அப்படி உதவிய சிக்கசா மக்கள் யார்? 1837 முதல் மிசிசிப்பி, அலபாமா மண்ணை விட்டு மேற்கே பெயர்க்கப்பட்டவர்கள். அங்கே அவர்களும் பிற பூர்வகுடிகளும் அமைத்துக்கொண்ட நாடுகளையும் உள்ளடக்கித்தான் 1907-இல் ஓக்லஹோமா மாநிலமே உருவானது. இன்று அடா நகரிலிருந்து இயங்கும் சிக்கசா அரசு மருத்துவமனை, முதியோர் உணவு, வீட்டுவசதி, கல்வி உதவி எனப் பலவற்றை நடத்துகிறது. வின்ஸ்டார் சூதாட்ட விடுதி முதலான சொந்தத் தொழில்கள் ஒரு பகுதிச் செலவைத் தாங்குகின்றன. பூர்வகுடி அரசுகளுக்கு மத்திய அரசு தருவதைச் சலுகை என்பவர்கள் உண்டு. நிலத்தை வாங்கிக்கொண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் கொடுப்பது கடன்பாக்கி, தானமல்ல.

ஆனால் பணத்தால் மட்டும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. 1970-கள் வரை பூர்வகுடிக் குழந்தைகளில் நான்கில் ஒருவராவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது வேற்றினத்தார் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும். இதைத் தடுக்கவே 1978-இல் இந்தியக் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது (அமெரிக்கப் பூர்வகுடிகளையே அது ‘இந்தியர்’ என்கிறது). பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைக்கு முதலில் உறவினர் வீடு, பிறகு குழந்தையின் பூர்வகுடி அரசு உரிமம் அளித்த வீடு என்று அது வரிசை வகுத்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. வழக்கில் வென்றாயிற்று. ஆனால் குழந்தையை அழைத்துக்கொள்ள ஒரு சிக்கசா வீடு தயாராக இல்லையென்றால் அந்த வரிசைக்கு என்ன பொருள்? வளர்ப்புக் குடும்பமாக உரிமம் பெற விண்ணப்பம், பயிற்சி, வீட்டு ஆய்வு எல்லாம் உண்டு. குழந்தை வந்து நிற்கும் இரவில் ஓடிப்போய் முடிக்கிற காரியமல்ல.

ஆகவே, ஓர் அறையை ஒதுக்க முடிந்த சிக்கசா குடும்பங்கள் இப்போதே பெயர் கொடுக்கட்டும். வளர்க்க இயலாத அக்கம்பக்கத்தார், வளர்ப்பவர்களுக்கு ஒரு மாலை நேரமாவது ஓய்வு கொடுக்கட்டும். மாநில நல அலுவலர்கள், சிக்கசா குழந்தையை அழைத்துச் செல்லும்போதே சிக்கசா அரசுக்குத் தகவல் சொல்லட்டும்; வாரங்கள் கழித்து வரும் கடிதத்தால் எவருக்கும் பயனில்லை.