தாத்தாவின் பத்திரம்



வங்கி எழுத்தர் நான். கவிதை எழுதுகிற கை பகலெல்லாம் அடுத்தவன் சொத்தைக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வேலையில் ஒன்று நன்றாகப் பிடிபட்டது. 'தகுதி, திறமை' என்று நம்மைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவன், கடன் கேட்டு வரும்போது திறமையைக் கொண்டுவருவதில்லை. தாத்தாவின் பத்திரத்தைத்தான் கொண்டுவருகிறான்.

கல்விக்கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள். 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன் வேண்டாம். ஆனால் தரவரிசையில் தேர்வான நிறுவனங்களில் இடம் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்துக்காக ஒரு வருசம் வேலைக்குப் போகாமல் கோச்சிங் போக எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? ஒரு வருசம் சும்மா சோறு போட முடிவதும் சொத்துதான்.

ஒரு தகப்பன் வந்தார். மகளுக்குத் தனியார் கல்லூரியில் பல் மருத்துவம். காலனி வீட்டுப் பட்டாவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். "இது செல்லாதுங்களா சார்?" விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசு கொடுத்தது. விற்க முடியாததை வங்கி அடமானமாக வாங்காது. "வேற நஞ்சை புஞ்சை ஏதும் இல்லையா?" என்றார் அதிகாரி. மகளின் மார்க் ஷீட்டை யாரும் கையில் வாங்கவில்லை. அடுத்து உட்கார்ந்தவர் மகன் வைத்த கடை இரண்டு முறை மூடியாயிற்று. மூன்றாவது கடைக்கு அப்பா வீட்டை அடமானம் வைக்கிறார். கையெழுத்தாகி, டீயும் வந்தது. நம் பிள்ளை ஒரு தடவை தோற்றால் செங்கல் சூளை. அவன் பிள்ளை தோற்றால் 'அனுபவம்'!

நஞ்சை புஞ்சை ஏன் இல்லை? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் ஜனங்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்து பஞ்சமி நிலம் கொடுத்தார்கள். முதல் பத்து வருசம் விற்கக் கூடாது. பிறகும் நம்மவர்களுக்கே விற்கலாம். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. கைமாத்துக்கும் வட்டி நெல்லுக்கும் கைநாட்டு வாங்கி ஊர்க்காரன் வளைத்துப்போட்டான். காரணை நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

"பஞ்சமி நிலத்தையும் பேங்கில் வைக்க முடியாதேப்பா" என்றார் நண்பர் ஒருவர். வைக்க வேண்டாம். மூன்று தலைமுறை விளைச்சலில் டவுனில் ஒரு மனை வாங்கியிருப்போமே! அந்தப் பத்திரம் செல்லுமல்லவா? நாம் இழந்தது நிலம் மட்டுமல்ல, அதன் வட்டியும் வட்டிக்கு வட்டியும்.

அம்பேத்கரைவிடத் திறமைசாலியை யார் காட்டுவார்கள்? பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்ததால் 1913இல் கொலம்பியா போனார். உதவிக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சம்பாதித்துச் சேர்த்து, கடனும் வாங்கி, 1920இல் மறுபடி போனார். மூன்று வருசம் போனது மூளைக் குறைவாலா?

வாசகத் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பஞ்சமி என்றோ டி.சி. என்றோ இருந்த சர்வே எண் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து எழுதியனுப்புங்கள். வருகிற இதழிலிருந்து ஊர்வாரியாகப் போடுகிறோம்.