சீறாத நாய்க்கும் ரேபீஸ் உண்டு

‘ரேபீஸ் என்ற பெயருக்கே சீற்றம் என்றுதான் பொருள். ஆகவே சீறாத, துரத்தாத நாய்க்கு அந்த நோய் இருக்காது.’ படித்தவர்களிடமும் கேட்கக் கிடைக்கும் வாதம் இது. இதன் ஒவ்வொரு படியும் தவறு.

முதலாவது, பெயரே நோயை விளக்கிவிடுகிறது என்பது. லத்தீனில் ‘ரபெரே’ என்றால் வெறிகொள்வது. அதிலிருந்து வந்தது ‘ரபியேஸ்’. குறிசொல்லும் சிபிலின் ஆவேசத்தை ரோமக் கவிஞர் வர்ஜிலும், கவிஞர் ஆர்க்கிலோக்கஸின் கடுங்கோபத்தை ஹொரேஸும் இதே சொல்லால்தான் குறித்தார்கள். நோய், அச்சொல்லின் பல பொருள்களில் ஒன்று. கண்ணில் பட்ட அறிகுறியை வைத்து இட்ட பெயர், நோயின் இலக்கணம் ஆகாது.

இரண்டாவது, இத்தனை மொழிகளும் தவறாகவா சொல்லும் என்பது. பிரெஞ்சில் ‘ராஜ்’, ஸ்பானியத்தில் ‘ரபியா’, இத்தாலியத்தில் ‘ரப்பியா’, போர்த்துகீசியத்தில் ‘ரைவா’: நான்கும் கோபத்தையும் குறிக்கும், நோயையும் குறிக்கும். ஆனால் இவை தனித்தனியே நோயை ஆராய்ந்து வைத்த பெயர்கள் அல்ல. லத்தீனிலிருந்து வழிவழியாக வந்தவை. மொழிகள் நான்கு, சாட்சி ஒன்றுதான்.

மூன்றாவது, சீற்றமே அடையாளம் என்பது. வைரஸ் நரம்பு வழியே மூளையை அடைகிறது. பலருக்கு அது வெறியாக வெளிப்படும். மனிதர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கைகால் செயலிழக்கும் வாதமாகவே வரும். நாய்களிலும் ஊமை வகை உண்டு. தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு அதன் வாயில் கைவிடுபவர் உயிரையே பணயம் வைக்கிறார்.

நான்காவது, ‘நாய்க்கு வெறி பிடிக்கிறதா பார்ப்போம்’ என்ற காத்திருப்பு. அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே நாயின் எச்சிலில் வைரஸ் இருக்கலாம். மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான். 1885 ஜூலையில், நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு விஞ்ஞானி பாஸ்டர் தடுப்பூசி போடச் செய்தது, நோய் வெளிப்படும் முன்பு. காப்பாற்ற முடிவது அந்த இடைவெளியில் மட்டுமே.

‘வெறிநாய்க்கடி’ என்று சொல்லிப் பழகிய நமக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கடித்தது எவ்வளவு சாதுவான நாயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவரிடம் போங்கள். சொன்ன நாள்களில் தவறாமல் ஊசியைப் போட்டு முடியுங்கள்.