கணக்குக்குள் இயற்பியலுக்கு என்ன வேலை?

‘இது இயற்பியல் கேள்வியாச்சே, கணக்குல எதுக்கு?’ இப்படிக் கதவைச் சாத்தலாமா? கூடாது என்பதற்கு 1991-ல் நடந்த ஒரு விஷயமே போதும்.

ஐந்தாம் படிச் சமன்பாடு தரும் ஒரு வடிவத்துக்குள் குறிப்பிட்ட வகை மூன்றாம் படி வளைவுகள் எத்தனை? ஸ்ட்ரிங் தியரியை வைத்து இயற்பியலாளர் பிலிப் கேண்டலாஸ் குழு சொன்ன விடை: 31,72,06,375. நார்வே கணிதவியலாளர்கள் எலிங்ஸ்ருட், ஸ்ட்ரோம்மே இருவரும் கணினியில் கண்ட விடையோ வேறு.

தப்பு யார் பக்கம்? கணினி நிரலில்தான் பிழை! திருத்தியதும் இயற்பியலாளர்கள் சொன்ன அதே எண் வந்தது.

ஆனா ஒண்ணு. விடை சரியா இருந்தா மட்டும் கணக்குக்குப் போதாது, நிரூபணம் வேணும். அந்த முறைக்கான நிரூபணம் சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

அதனால், இயற்பியல் கேள்வியைத் தாராளமா உள்ளே விடுங்க. நிரூபணத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க!