ஏர் ப்யூரிஃபையரும் எங்கம்மா காதும்

ஆணி அதிகமானதால இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. ஆனா குளிர்காலம் வந்தா போதும், "ஏர் ப்யூரிஃபையர் எது நல்லாருக்கும்?"னு கேட்டு நாலஞ்சு மெயிலாவது வந்துடுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் தட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம். அதனால மொத்தமா ஒரே பதிவு.

முதல்லயே என் கட்சியைச் சொல்லிடறேன். எல்லாரும் ஃபில்டரைப் பத்திக் கேக்கறாங்க. ஹெப்பாவா, எத்தனை அடுக்கு, கார்பன் இருக்கான்னு. நான் கேக்கற முதல் கேள்வி வேற: அந்த மெஷின் பக்கத்துல உங்களால தூங்க முடியுமா? முடியாதுன்னா அது எவ்வளவு நல்ல மெஷினா இருந்தாலும் உங்க வீட்டுக்கு அது வெறும் வெள்ளை டப்பா.

இதை நான் புத்தகம் படிச்சு கத்துக்கலை. சொந்தச் செலவுல கத்துக்கிட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். (இது புகை வராத கொசுவத்தி. நிஜக் கொசுவத்திச் சுருளை பெட்ரூம்ல கொளுத்திடாதீங்க சாமி. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்துகள், 75லேர்ந்து 137 சிகரெட் எரிஞ்சா வர்றதுக்குச் சமம்னு 2003ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை சொல்லுது.)

2024 நவம்பர். நொய்டாவுல பத்தாவது மாடி வாடகை ஃப்ளாட். அந்த மாசம் 18ம் தேதி டெல்லியோட காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டிச்சு. அந்த அளவுகோல் முடியறதே 500ல. பாப்பாவுக்கு அப்போ பதினாலு மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கு அவ நெஞ்சுலேர்ந்து விசில் ஊதற மாதிரி ஒரு சத்தம். கேட்டவங்களுக்குத்தான் தெரியும் அந்தச் சத்தம் வயித்துல என்ன பண்ணும்னு. டாக்டர் நெபுலைசர் எழுதிக் குடுத்தார், "ரூம் காத்தை சுத்தமா வெச்சுக்கோங்க"ன்னார். விஷயம் கேள்விப்பட்டு திருநெல்வேலியிலேர்ந்து அம்மா ரயிலேறி வந்துட்டாங்க. நான் கடைக்கு ஓடி ஒரு மெஷின் வாங்கிட்டு வந்தேன். கம்பெனி பேர் வேணாம், எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய இதே கதைதான்.

பொட்டியில ரெண்டு நம்பர் கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. சிஏடிஆர் 300. சத்தம் வெறும் 26 டெசிபல். சிஏடிஆர்னா மெஷின் ஒரு மணி நேரத்துல எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து வெளிய தள்ளுதுங்கற கணக்கு. எங்க பெட்ரூம் 12க்கு 11 அடி, உயரம் ஒன்பதரை. மொத்தமே 35 கன மீட்டர் சொச்சம்தான். அப்போ மணிக்கு எட்டு தடவைக்கு மேல ரூம் காத்து முழுக்க சலிச்சு வரும். பிரமாதம்னு நினைச்சேன்.

நாமதான் இன்ஜினியராச்சே, சும்மா விடுவோமா. நெட்ல ஒரு சின்ன லேசர் சென்சார் வாங்கி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிஎம் 2.5 அளவை ஃபைல்ல எழுதற மாதிரி செஞ்சு, அலமாரி மேல வெச்சுட்டேன். மெஷின்லயே சென்சார் இருக்கேன்னு கேப்பீங்க. அது மெஷினுக்குள்ள உக்காந்து, மெஷின் பக்கத்துக் காத்தைத்தான் பாக்கும். பரீட்சை எழுதற பையனே பேப்பர் திருத்தற மாதிரி.

வெளிய 300 மைக்ரோகிராம் இருந்த ஒரு ராத்திரி எடுத்த கணக்கு இது:

மெஷின் இல்லாம, கதவு ஜன்னல் எல்லாம் மூடி: 200
முழு வேகத்துல, அரை மணி நேரம் கழிச்சு: 28
தூக்க மோடுல: 85

இந்தியாவோட 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. முழு வேகத்துல 28ங்கறது இந்த ஊருக்கு சொர்க்கம். கிராஃப் போட்டு ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பிப் பெருமை வேற பட்டுக்கிட்டேன். "ராத்திரி முழு வேகத்துலயே ஓடட்டும்"னு வீட்ல உத்தரவும் போட்டாச்சு. எனக்கு ராத்திரி அமெரிக்கா கால் இருந்ததால படுக்கை ஹால்ல. பாப்பா, தங்கமணி, அம்மா மூணு பேரும் பெட்ரூம்ல.

மூணு வாரம் ஓடிச்சு. பாப்பாவோட இழுப்பு குறைஞ்ச மாதிரியே தெரியலை. ஒரு சனிக்கிழமை உக்காந்து ஃபைலைத் திறந்து பாத்தேன். தினமும் ராத்திரி பதினொன்றரைக்கு கோடு ஏற ஆரம்பிக்குது. ஒரு மணிக்கெல்லாம் 180, 190. காலைல ஆறு மணிக்கு மறுபடி சர்ர்ருன்னு இறங்குது.

நம்ம புத்தி எங்க போகும்? முதல்ல சென்சார் மேல சந்தேகம். மூடுபனி இருந்தா இந்த மாதிரி சென்சார் பனித்துளியையும் தூசின்னு எண்ணிடும், ஆனா மூடின ரூமுக்குள்ள பனி ஏது? அடுத்து ஜன்னல் இடுக்கு. டேப் அடிச்சேன். அதுவும் இல்லை. கடைசில ஒரு நாள் கால் முடிஞ்சதும் தூங்காம ஹால்ல காத்திருந்தேன். பதினொன்றரைக்கு ரூம்ல அந்த இரைச்சல் பட்டுனு நின்னுச்சு. உள்ள போனா, அம்மா சுவர் சுவிட்சை அணைச்சுட்டு பாப்பா பக்கத்துல உக்காந்திருக்காங்க.

"என்னம்மா இது? இதுக்காகத்தானே காசு குடுத்து வாங்கினேன்?"

"ஏய்யா, அது போடுத சத்தத்துல பிள்ளைக்கு இழுக்கா இல்லையான்னு எனக்குக் கேக்க மாட்டேங்கு. அதைக் கேக்கத்தானய்யா நான் வந்திருக்கேன்?"

எனக்குப் பேச்சே வரலை. நான் நுண்துகளை அளந்துக்கிட்டு இருந்தேன். அம்மா மூச்சை அளந்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க வேலைக்கு என் மெஷின் இடைஞ்சல். அணைச்சது தப்புன்னு அவங்ககிட்ட என்னால சொல்ல முடியலை. அணைக்கவே தோணாத மாதிரி ஒண்ணை வாங்கி வைக்காதது என் தப்புதான்.

அப்புறம்தான் பொட்டியில போட்டிருந்த ரெண்டு நம்பரையும் மறுபடி பாத்தேன். ரெண்டுமே உண்மை. ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை இல்லை! 300 வர்றது முழு வேகத்துல. அப்போ சத்தம் 61 டெசிபல் (செல்போன்ல அளந்தது, ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கும்). பக்கத்துல உக்காந்து ஒருத்தர் ஓயாம பேசிக்கிட்டே இருக்கற மாதிரி. 26 டெசிபல் வர்றது தூக்க மோடுல. அப்போ காத்து அஞ்சுல ஒரு பங்குதான். விளம்பரத்துல ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா, நாம அந்த அளவு காத்து அவ்வளவு அமைதியா வரும்னு நினைச்சுக்கறோம்.

இங்கதான் காலேஜ்ல படிச்ச ஃபேன் விதி கைகுடுத்துச்சு. பயப்படாதீங்க, கணக்கு சின்னதுதான். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினா காத்தும் பாதியாகும். ஆனா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும், அப்போ 15க்கு யோசிச்சுக்கோங்க. சரி, ரெண்டு மெஷின் வெச்சா சத்தம் ரெண்டு மடங்கா? இல்லை. ஒரே அளவு சத்தம் ரெண்டு சேர்ந்தா 3 டெசிபல்தான் கூடும். ஆக, ஒரு மெஷினை முழு வேகத்துல ஓட்டறதுக்குப் பதிலா ரெண்டு மெஷினைப் பாதி வேகத்துல ஓட்டினா காத்து அதே அளவு, சத்தம் 12 டெசிபல் கம்மி. கரண்ட்டும் கம்மி. பாதி வேகத்துக்கு மோட்டார் எடுக்கறது எட்டுல ஒரு பங்குதான், ரெண்டுக்கும் சேர்த்தாலும் நாலுல ஒரு பங்கு.

"ரெண்டா? பணம் என்ன மரத்துலயா காய்க்குது?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா ராத்திரி அணைஞ்சு கிடக்கற ஒரு மெஷினுக்குக் குடுத்த காசு முழுசும் தண்டம்தானே? கிட்டத்தட்ட அதே அளவு காத்து தர்ற இன்னொண்ணு வாங்கினேன். ரெண்டையும் மூணுல ஒரு பங்கு வேகத்துல விட்டேன். சத்தம் 40 டெசிபல் கிட்ட, சின்னதா ஒரு உஸ்ஸ்ஸ். அளவு 35, 36. அம்மா அன்னிக்கு சுவிட்ச் பக்கமே போகலை. காலைல ஃபைலைத் திறந்தா கோடு ராத்திரி பூரா தரையோட தரையா படுத்திருந்துச்சு.

அடுத்த ஒரு மாசத்துல நெபுலைசரை எடுக்கற நாள் குறைஞ்சது. டாக்டர் மாத்திக் குடுத்த மருந்துக்கும் அதுல பங்கு இருக்கு, மெஷினுக்கே மாலை போட மாட்டேன்.

இனி, வாங்கப் போறவங்களுக்கு என் அஞ்சு பைசா:

1. ரூமோட சதுர அடி எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் கூட சிஏடிஆர் வேணும்ங்கறது (மணிக்கு கன மீட்டர் கணக்குல) அமெரிக்க வீட்டு உபயோகப் பொருள் தயாரிப்பாளர்கள் சங்கம் சொல்ற மூணுல ரெண்டு பங்கு விதியிலேர்ந்து வர்ற கணக்கு. என் திருத்தம்: அந்த அளவு நீங்க தூங்கற வேகத்துல வரணும். அதனால ரெண்டு மூணு மடங்கு பெருசா வாங்கி மெதுவா ஓட்டுங்க. "500 சதுர அடிக்குப் போதும்"ங்கற விளம்பரத்தைக் கண்டுக்காதீங்க.

2. கடையில மெஷினைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. கடை இரைச்சல்ல எல்லாமே அமைதியாத்தான் தெரியும், காதைப் பக்கத்துல வெச்சுக் கேளுங்க. கிர்ர்ருன்னு ஒரு சுருதி தனியாக் கேட்டா அது ராத்திரி உயிரை வாங்கும். ஒரே சீரான உஸ்ஸுன்னா பழகிடும்.

3. திருகற குமிழ் இருக்கற மெஷின் உத்தமம். என் முதல் மெஷின்ல எல்லாமே டச். கண்ணாடி போடாம அம்மாவுக்கு ஒண்ணும் தெரியலை, அதனாலதான் நேரா சுவர் சுவிட்ச். வேகத்தைக் குறைக்கத் தெரிஞ்சிருந்தா குறைச்சிருப்பாங்க, அணைச்சிருக்க மாட்டாங்க. ஆப் இருக்குதான். அதுக்கு ஓடிபி, லொக்கேஷன் எல்லாம் வேணுமாம். காத்தாடி சுத்த எதுக்குய்யா என் லொக்கேஷன்?

4. கரண்ட் போய் வந்தா தானா ஓடுதான்னு பாருங்க. எங்க அபார்ட்மெண்ட்ல ஜெனரேட்டருக்கு மாறும்போது அஞ்சு செகண்ட் போகும். அதுக்கே முதல் மெஷின் அணைஞ்சு, மறுபடி தொடற வரைக்கும் தூங்கும். குமிழ் மெஷின் விட்ட இடத்துலேர்ந்து ஓடுது.

5. ராத்திரி அந்த நீல லைட்டை அணைக்க முடியுதான்னு பாருங்க. நான் கறுப்பு டேப் ஒட்டினேன்.

6. மாத்து ஃபில்டர் என்ன விலை, சுலபமாக் கிடைக்குதான்னு கேட்டுட்டு அப்புறம் மெஷின் விலையைக் கேளுங்க. என் மெஷின்ல "ஃபில்டர் மாத்து"ன்னு எரியற சிவப்பு லைட் அழுக்கைப் பாத்து எரியறதில்லை, ஓடின மணியை எண்ணி எரியுது. நான் சென்சார் அளவைப் பாத்துத்தான் மாத்தறேன்.

ஃபில்டரைப் பத்தி ஒரே வரி: ஹெப்பா சல்லடை கிடையாது. இழைகள்ல துகள் மோதி ஒட்டிக்கும். பிடிக்கக் கஷ்டமானது 0.3 மைக்ரான் பக்கம், அதைவிடச் சின்னது அலைபாஞ்சுக்கிட்டே வந்து இன்னும் சுலபமா மாட்டும். அதனாலதான் தர அளவை 0.3ல சொல்றாங்க. நல்ல ஹெப்பான்னா மேல யோசிக்காதீங்க. அயனி, பிளாஸ்மான்னு சேர்த்து விக்கறது வேண்டாம், சிலது ஓசோனை வேற விடும்.

கடைசியா அம்மா கேட்ட இன்னொரு கேள்வி: "எல்லாத்தையும் பூட்டிட்டா பிள்ள எதைச் சுவாசிக்கும்?" அதுவும் சரியான கேள்வியே. ப்யூரிஃபையர் ஆக்ஸிஜன் தயாரிக்காது, நாம விடற கார்பன் டை ஆக்ஸைடையும் எடுக்காது. அதனால மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணிக்குள்ள கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வெக்கிறோம். குளிர்காலத்துல வெயில் ஏறி காத்து மேல கலந்து போற அந்த நேரத்துலதான் டெல்லிப் பக்கம் தூசி கொஞ்சம் தணியும். அதே மாதிரி மிளகாய் வத்தல் தாளிக்கும்போது பெட்ரூம் கதவைச் சாத்திடுங்க. எங்க வீட்டு கிராஃப்ல தீபாவளி தெரியுதோ இல்லையோ, ரசம் வெச்ச நாள் தெளிவாத் தெரியும்.

ஆகவே மக்களே, மெஷினை வாங்கறதுக்கு முன்னாடி அது பக்கத்துல யார் படுக்கப் போறாங்களோ அவங்களைக் கூட்டிட்டுப் போய்க் கேட்டுட்டு வாங்குங்க. உங்க வீட்ல எப்படி ஓடுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: அஞ்சு பைசான்னு சொல்லிட்டு ஆறு சொன்னதுக்கு மன்னிக்கவும். ஆறாவது இலவச இணைப்பு.